படகுப் பச்சை

என் தொப்பைக்கு என் கொழுந்தியாள்தான் காரணம். சர்க்கரை டாக்டரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, "அவங்க அவ்ளோ நல்லா சமைப்பாங்களா?" என்று கேட்டார். சமையல் அல்ல விஷயம். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காகக் கிளறிய கேசரிதான் விஷயம். வந்தவர்கள் ஒரு வாய் தின்பார்கள், அவளை ஒரு பார்வை பார்ப்பார்கள், தட்டை நகர்த்திவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிடுவார்கள். மீந்த கேசரியைப் பார்த்து வீடே அழும். அழுகிற வீட்டில் யாராவது ஒருவர் சாப்பிட்டாக வேண்டும். மூத்த மாப்பிள்ளை வேறு எதற்கு இருக்கிறான்?

"மாமா, எனக்கு மாப்ள அமையற வரைக்கும் உங்களுக்கு பேண்ட்டு அமையாது போலகீது" என்பாள் அவள், காலித் தட்டை வாங்கிக்கொண்டே.

தொண்ணூறுகளில் நடந்த கதை. செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் என் மாமனார் வீடு. கருங்குழியில் இருந்த நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு உத்தியோகத்துக்காக வந்து குடியேறியவர். இரண்டும் பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்தார். நான் மதுராந்தகத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு பொறுப்பு எதையும் என்னை நம்பி யாரும் ஒப்படைத்ததில்லை. இருந்தும் என்னைப் பார்த்த உடனே மாமியார் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். காரணம் என் தோல். ரோஸ் பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவன் மாதிரி இருப்பேன். என் மனைவியும் அதே ரகம். எங்கள் கல்யாண ஆல்பத்தில் மூக்கு எது, கன்னம் எது என்று தெரியாது. வெளிச்சம் மட்டும் தெரியும்.

இளையவள் கறுப்பு.

தரகர் கொண்டுபோகும் ஜாதகத்தில் "மாநிறம்" என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்: "இன்னா மாவு மாமா இது? அரிசி மாவா, கேவுரு மாவா?"

மற்ற வீடுகளில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பூ வாங்குவார்கள். என் மாமனார் பெயிண்டரைக் கூப்பிடுவார். பெண்ணைப் போட்டோ எடுத்த ஸ்டூடியோக்காரர் எப்போதோ, "பின்னாடி வெளிர் கலரா இருந்தா மொகம் எடுப்பா இருக்கும் சார்" என்று சொல்லியிருக்கிறார். அதை மாமனார் பிடித்துக்கொண்டார். முதல் வரனுக்கு ஹாலில் க்ரீம் அடித்தார். கூடிவரவில்லை. அடுத்ததற்கு வெளிர் ரோஸ். அதுவும் இல்லை. அப்புறம் பாலில் ஒரு சொட்டு நீலம் விழுந்தது போல ஒரு கலர். வரன் தட்டத் தட்ட சுவர் வெளுத்துக்கொண்டே போயிற்று. டியூப்லைட்டுகளும் கூடிக்கொண்டே போயின. கடைசியில் அந்த ஹாலில் நின்றால் இப்போது யாரோ வந்து குடல்வாலை எடுக்கப்போகிறார்கள் என்று தோன்றும்.

"சார், நான் ஏணியத் தூக்கிகினு தெருமுனை திரும்பனா போதும்" என்று பெயிண்டர் என்னிடம் வருத்தப்பட்டார். "நாளைக்கு பொண்ணு பாக்க வராங்களான்னு கேக்குது தெருவே. எனக்கே ஒரு மாதிரியா கீது சார். இந்தத் தபா நீங்களாவது அய்யாகிட்ட சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. மாமனார் ஏணியின் கீழே நின்று, மூலையில் ஒரு இடத்தைக் காட்டி, "அங்க இன்னொரு கோட்டு குடுப்பா" என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வராது. அவர் பெண்ணை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். யாராவது அவளை வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பதை ஒவ்வொரு தடவையும் சுவர் மேல் பழி போட்டுத்தான் அவரால் தாங்க முடிந்தது.

அவள் அந்த வெள்ளைச் சுவரின் முன்னால் பெஞ்சில் வந்து உட்காருவாள். அவள் அம்மா, அதாவது என் அத்தை, பூசிவிட்ட பவுடரை ஒவ்வொரு முறையும் பின்கட்டில் கழுவிவிட்டுத்தான் வருவாள். அதற்காக யாருடனும் சண்டை போட்டதில்லை. பூசும்போது முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள், பிறகு கழுவிவிடுவாள்.

அவள் சுபாவமே அதுதான். வாய்ச் சண்டை கிடையாது. தன்னை மாற்றிக்கொள்ளவும் மாட்டாள். தான் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வாள், அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் வாசல் வெளிச்சத்தில் நிற்காமல் மண்டபத்தூண் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஒரு தீபாவளிக்குப் புடவைக் கடையில் அவளுக்கென்று பழைய பனியன் மாதிரி வெளிர் மஞ்சளாக ஒன்றை விரித்துப்போட்டு, "கறுப்பா இருக்கறவங்களுக்கு இதான்மா தூக்கிக் காட்டும்" என்றான் கடைப் பையன். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. இவளோ சிரித்துக்கொண்டே, "தூக்கிலாம் காட்ட வாணாம்ப்பா, எறக்கியே காட்டு. அந்தக் கத்திரிக்காய் கலரு எடு" என்றாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். கடைப் பையன் கொஞ்ச நேரம் மடித்த புடவைகளை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தான்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் கணக்குப் பார்த்தாள். தினமும் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். ஒரு வரன் தட்டிப்போன சாயங்காலம் நான் என் பங்குக்கு ஆறுதல் சொல்லலாம் என்று, "உன் ஊர்ல கருங்கல்லுல செதுக்கி வெச்சிருக்கானே சிலை, அது மாதிரி இருக்க நீ. இவனுங்களுக்குத் தெரியல" என்றேன்.

"சிலைய பாக்க ஊர்லேந்துலாம் வராங்க மாமா" என்றாள். "கூட நின்னு போட்டோ புடிச்சிக்கறாங்க. வூட்டுக்கு இட்டுனு போறவன் எவன்?"

அன்றோடு ஆறுதல் சொல்லும் வேலையை விட்டுவிட்டேன்.

பிறகுதான் அவள் அந்தப் பின்கட்டு அறையைக் கேட்டாள். அரிசி மூட்டை, ஓட்டை டிரங்குப் பெட்டி, முந்தின தலைமுறையில் கால் ஒடிந்த நாற்காலி எல்லாம் கிடந்த அறை. சின்ன ஜன்னல் ஒன்று, கிணற்றுப் பக்கம் பார்த்து. "ஹாலு உங்களுது. இது எனக்கு" என்றாள். யாரும் மறுக்கவில்லை. என்ன செய்யப்போகிறாள் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரத்திலிருந்து ஒயர் கூடையில் பெயிண்ட் டப்பாக்கள் வர ஆரம்பித்தன. மாமல்லபுரம் குப்பத்தை ஒட்டி, படகுகளுக்கு அடிக்கிற எனாமல் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே வாங்கினாள். ஒரு நாள் பஸ்ஸில் டப்பா மூடி கழன்று, கண்டக்டரின் செருப்பில் பச்சை வழிந்தது. "அம்மா, நீ இன்னா வூட்டுக்கு அடிக்கிறியா, போட்டுக்கு அடிக்கிறியா?" என்று கேட்டாராம். "வூடுதாண்ணே போட்டு. எல்லாரும் என்னக் கர சேக்கத்தான் தள்ளிகினு கீறாங்க" என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை வைத்தாள். சுவருக்கு அடர்ந்த பச்சை. வெயில் இறங்காத நேரத்தில் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் தெரியுமே, அந்தப் பச்சை. அதே டப்பாவில் கொஞ்சம் கறுப்பை ஊற்றிக் கலக்கி மேல்தளத்துக்கு. இன்னும் கொஞ்சம் ஊற்றி கதவுக்கு, ஜன்னல் கம்பிக்கு. கட்டிலின் இரும்புக் கால், அலமாரி, ஃபேன் இறக்கை, சுவிட்சுப் பெட்டியின் ஓரம் எதையும் விடவில்லை. எல்லாம் அதே பச்சையின் அண்ணன் தம்பிகள். திரைச்சீலையைச் சாயப்பொடியில் முக்கி எடுத்தாள். நான் ஸ்டூலில் ஏறி மேல்தளம் அடித்தேன். என் தலையில் முடி இல்லாத பகுதி அப்போதே கணிசமாக வளர்ந்திருந்தது. மேலிருந்து சொட்டியதெல்லாம் அங்கேதான் இறங்கியது. திருப்போரூரில் மொட்டை அடித்தவர்கள் சந்தனம் பூசிக்கொண்டு வருவார்கள். நான் எனாமல் பூசிக்கொண்டு வந்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாமல், மறுநாள் ஆபீஸில் மேனேஜர் என் தலையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் லீவு கொடுத்தார்.

அத்தை அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "சுபகாரியம் நடக்கவேண்டிய வூட்ல கெணத்தக் கொண்டாந்து உள்ள வெச்சிகீறாளே. ஏய், வெளக்கு வெச்சாலும் தெரியாதுடி இங்க."

மாமனார் உள்ளே வரவே இல்லை. "முடிச்சிட்டு சாப்ட வாங்க மாப்ள" என்று ஹாலில் இருந்தே சொன்னார்.

எல்லாம் காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் அவள் ஒரு நாற்பது வாட் பல்பை மேலே மாட்டாமல், முக்காலி மேல் ஒரு பழைய மேஜை விளக்கில் மாட்டிப் போட்டாள். கத்திரிக்காய் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வாசலில் அத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு சுவர்கள் மெல்லப் பின்னால் போயின. அவள் முகம் மட்டும் முன்னால் வந்தது. செம்பு மாதிரி. கன்னத்தில் ஒரு பளபளப்பு, கழுத்தில் ஒரு வெதுவெதுப்பு. இத்தனை நாள் இந்த மூக்கு எங்கே இருந்தது என்று நினைத்தேன். என் மனைவி காபியோடு உள்ளே போனாள். அந்தச் சுவருக்கு முன்னால் அவள் சுண்ணாம்பு தடவிய மாதிரி இருந்தாள். கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். திருஷ்டிக்குக் கட்டின பூசணிக்காய்.

"வெள்ள செவுத்துல நின்னா நாந்தான் கற மாதிரி தெரியறேன் மாமா" என்றாள். "இங்க அப்டி இல்ல. செவுரு வழி வுடுது."

நான் உள்ளே போய் என் காபியை வாங்கிக்கொண்டேன்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து அந்த வரன் வந்தது ஐப்பசியில். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பையனுக்கு நல்ல உத்தியோகம். அடைமழை. "அய்யா, மழைல அடிச்சா காயாது, வாணாம்" என்று பெயிண்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமனார் கேட்கவில்லை. ஹாலுக்குப் புதிதாக, இந்தத் தடவை சுத்த வெள்ளை. அது காயவில்லை. மறுநாள் காலை அவர்கள் வந்து சேர்ந்தபோது சுவரிலிருந்து ஈரம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. பையனின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஆசுவாசமாகப் பின்னால் சாய்ந்தார். எழுந்தபோது அவருடைய பட்டுப்புடவையின் முதுகில் எங்கள் ஹாலில் ஒரு பாகம் ஒட்டிக்கொண்டு வந்தது.

பெரிய கலவரம். ஈரத்துணி, வெந்நீர், மன்னிப்பு. ராகு காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. உட்கார வைக்க வீட்டில் காய்ந்த சுவர் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அவர்களைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனோம்.

அவள் அங்கேதான் இருந்தாள். எழுந்து கும்பிட்டாள். பையன் சுற்றிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு வேறெங்கும் பார்க்கவில்லை.

"இந்தக் கலர் யார் அடிச்சது?" என்று கேட்டான்.

"நானும் மாமாவும்" என்றாள். "செவுரு நானு. தரையில சிந்தனதெல்லாம் அவரு."

அவன் சிரித்தான். அந்த வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களில் சிரித்த முதல் ஆள் அவன்தான். அவன் அம்மாகூட இரண்டாவது கரண்டி கேசரி கேட்டார். எனக்கு அன்று ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படிச் சந்தோஷமாகப் பட்டினி கிடந்தது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலமே தரகர் ஓடிவந்தார். பிடித்திருக்கிறதாம். தை பிறந்ததும் நிச்சயதார்த்தம், செங்கல்பட்டில் மண்டபம் பேசியாயிற்று. மாமனார் தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அந்த மாதங்களில் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வாசலில் வெயிலிலேயே நின்று செருப்பு மாட்டினாள். அதற்கு முன் அவள் வெயிலில் நின்று எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வீடியோ எடுக்க ஒருவரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வீடியோ என்றால் கேமராவைவிடப் பெரிய விளக்கு ஒன்று கூடவே வரும். மேடை ஓரத்தில் ஒரு ஆள் அதைத் தூக்கிப் பிடித்து முகத்துக்கு நேராக அடிப்பான். வெள்ளைப் பந்தல் துணி, வெள்ளை விளக்கு. அவள் நடந்துவந்து நின்றாள். அந்த வெளிச்சத்தில் நகைகூடத் தெரியவில்லை, ஒரு நிழல் நிற்பது மட்டும் தெரிந்தது.

பையனின் அம்மா அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தன் தம்பியின் காதில் என்னவோ சொன்னார். அந்தத் தம்பி எழுந்து வந்து மாமனாரிடம், "நாங்க பாத்த பொண்ணு எங்க?" என்று கேட்டார்.

"இவதாங்க" என்றார் மாமனார்.

"அன்னைக்கு பாத்தது வேற நிறமா இருந்துச்சே."

"அதே பொண்ணுதாங்க. எனக்கு இன்னொரு பொண்ணு கல்யாணமாயி, தோ நிக்கறாரு அவங்க வூட்டுக்காரரு..."

"அப்ப அந்த இருட்டு ரூமுக்குள்ள உக்கார வச்சு காமிச்சிருக்கீங்க. வேணும்னே ஹாலுக்கு ஈர பெயிண்ட் அடிச்சு, உள்ள கூட்டிட்டுப் போயி..." பையனின் அம்மா எழுந்து நின்றார். "நல்லா ஏமாத்துனீங்கய்யா."

மழை, பெயிண்டர், காயாத சுவர் என்று மாமனார் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல எல்லாம் பொய் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. நானும் புகுந்து, "அம்மா, அப்படிக் கலர மாத்தற பெயிண்ட் இருந்தா முதல்ல என் மண்டைக்குத்தாம்மா அடிச்சிருப்பேன்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் என்னை மெதுவாக ஓரமாகத் தள்ளினார். சரியான இடத்தில்தான் தள்ளினார்.

பையன் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா கூப்பிட்டதும் போனான். படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வீடியோ வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

அவள் மேடையிலிருந்து இறங்கிவந்து பந்தியில் உட்கார்ந்தாள். "வாங்க மாமா, இலை போட்டுட்டாங்க. சமையக்காரரு இன்னா பண்ணாரு பாவம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள். பாயசத்தை மட்டும் என் இலைப் பக்கம் நகர்த்தினாள். வாழ்க்கையில் என்னால் சாப்பிட முடியாமல் போன ஒரே இனிப்பு அது.

மறுநாள் காலை மாமனார் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக அவள் அறை வாசலில் நின்றார். பெயிண்டரைக் கூப்பிடவில்லை. தானே. "இந்த ரூமுதான் என்ன திருடன் ஆக்கிடுச்சி. தெருல தல காட்ட முடியல. வெள்ளையாக்கிட்டு மறுவேல பாக்கறேன்" என்றார். வாளியிலிருந்து சுண்ணாம்பு அவர் காலிலேயே சிந்திக்கொண்டிருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"நைனா, யாரையும் ஏமாத்தல நீ. இந்த ரூம்ல இருந்தவதான் நானு. மண்டபத்துல நின்னாளே, அவ எவளோ. எனக்கே அவளத் தெரியாது."

அவள் சொன்னது மாமனாருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சுண்ணாம்பைக் கிணற்றடியில் தென்னை மரத்துக்கு அடித்து முடித்தார்.

அதன் பிறகும் சில வரன்கள் வந்தன. ஹாலில்தான் பார்த்தார்கள். பிறகு இரண்டாம்தாரமாக ஒன்றிரண்டு. பிறகு தரகர் எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார். ஒரு பொங்கலுக்கு, பெயிண்டர் தெருவுக்குள் ஏணியோடு நுழைந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். கண் கலங்கிச் சொன்னார்.

அவள் அதே லாட்ஜில் மேனேஜரானாள். கடற்கரைச் சாலை அகலமாகி, ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சனி ஞாயிறு வந்து குவிய ஆரம்பித்தபோது அங்கே எல்லாமே அவள்தான். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகப் பின்கட்டு அறைக்குப் போய், மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு கால் நீட்டி உட்காருவாள். நாங்கள் போனால் ஹாலுக்கு வரமாட்டாள். நாங்கள்தான் உள்ளே போக வேண்டும். எனாமல் உரிகிற இடத்தை எல்லாம் அவளே மறுபடி அடித்துக்கொள்வாள். "மாமா, மொட்டையா வாங்க, நேத்திக்கடன் கீது" என்று ஆபீசுக்குப் போன் பண்ணுவாள்.

ஒரு தடவை நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, என் வாய்க்கு எப்போதுமே பூட்டு கிடையாது. "அந்தப் பையன் மேல கோவமே இல்லியா உனக்கு?"

"இன்னாத்துக்கு மாமா? ஒருத்தன் ஒரு அர மணி நேரம் என்ன சரியா பாத்தான். அதுவே கெடைக்காதவங்க எவ்ளோ பேரு கீறாங்க." விளக்கின் திரியைத் திருகுவது மாதிரி பல்பைக் கொஞ்சம் திருகினாள். "அம்மாவ மீற முடியல பாவம். அவனுக்கும் ஒரு ரூம் வேணும்."

பிறகு மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. டாக்டர், "கூச்சம் இருக்கும், கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் இல்லாத இடமா படுக்க வைங்க" என்றார். அந்த வீட்டின் ஹாலில் அவரே சேர்த்துவைத்த வெளிச்சம் அவருக்கே ஆகவில்லை. அத்தனை வருஷம் காலடி வைக்காத பின்கட்டு அறைக்கு அவரை மாற்றினோம். அவள் ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு சாயங்காலம் நான் அவரோடு இருந்தேன். அவள் லாட்ஜிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, அவருக்குக் கஞ்சி எடுத்துவந்தாள். குனிந்து அவர் வாயைத் துடைத்தாள். "சூடு போதுமா நைனா?" என்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தம்ளரோடு போன பிறகும் அவள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள" என்றார். "அந்தப் பையன் பாத்தது சரிதான்."

"எந்தப் பையன் மாமா?"

"டவுன்ஷிப்பு பையன். அவன் ஒண்ணும் ஏமாறல." புதுக் கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பஞ்சை எடுத்து ஒற்றினேன். "நாந்தான் மாப்ள, அவள ஹால்லயே உக்கார வெச்சிகினு இருந்தேன்."

"அவகிட்ட சொல்லுங்க மாமா."

"இன்னான்னு சொல்றது?" என்றார். சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கண் தேறிய பிறகும் அவர் தினமும் சாயங்காலம் அந்த அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் ரேடியோ கேட்பார்கள். வெளியே போகும்போது அவர் அந்த மேஜை விளக்கை அப்படியே எரியவிட்டுப் போவார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு மழைக்காலம். காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குக்கூடப் போய்வந்தாள். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. "மாமா, ஒரே டியூப்லைட்டா கீது இங்க" என்று என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் அவள் பேசியது எதையும் என்னால் எழுத முடியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கப்படி ஹாலில் வைத்தோம். ஐஸ் பெட்டி வாடகைக்கு வந்தது. கண்ணாடி மூடி, உள்ளே முகத்துக்கு நேராக ஒரு சின்ன டியூப்லைட். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் யாரும் கேட்காமலே, ஒரு உபகாரமாக நினைத்து, கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்திருந்தார்கள். வானநீலத்தின் நடுவில் ரோஜா நிறத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்திலிருந்து வந்த லாட்ஜ் ஆட்கள் அதைக் கடந்து அடுத்த தெருவரை போய், விசாரித்துத் திரும்பி வந்தார்கள்.

மாமனாரைக் கைத்தாங்கலாகப் பெட்டியின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். சுற்றிலும் வெள்ளைச் சுவர். தலைக்கு மேல் எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். அவர் கண்ணாடி மூடி வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"மாப்ள, இங்க வாணாம். அவ ரூமுக்குக் கொண்டு போங்க."

"அய்யா, சின்ன ரூம்பு" என்றார் சொந்தக்காரர் ஒருவர். "ஜனம் வரணும், மாலை போடணும்..."

"ஒவ்வொருத்தரா வரட்டும்."

யாரும் நகரவில்லை. அத்தை மூலையிலிருந்து எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியின் ஒரு முனையை அவளே பிடித்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் பிடித்தார்கள். பின்கட்டு வாசலில் பெட்டி நுழைய இடம் போதாமல், கட்டிலை வெளியே எடுத்துப் போட்டு, திருப்பித் திருப்பி, ஒரு வழியாக உள்ளே வைத்தோம். மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். மேஜை விளக்கைத் தேடி எடுத்து, முக்காலி மேல் வைத்து, தானே போட்டார்.

அப்புறம் ஐஸ் பெட்டிக்காரரைப் பார்த்து, "தம்பி, உள்ள எரியுதே, அந்த லைட்ட அணச்சிடு" என்றார்.

"மொகம் தெரியாது அய்யா."

"தெரியும்" என்றார்.

பெட்டிக்காரர் தயங்கி, பெட்டிக்குக் கீழே கையை விட்டு சுவிட்சை அணைத்தார். அறை முழுக்கப் பச்சையாயிற்று. வாசலில் கூடியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு தெரிந்தாள்.